சியாங் கை ஷேக்கின் காகிதங்கள்: காப்பகங்களும் ஒரு தலைவரின் மறுமதிப்பீடும்

2023 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து தைபேய் நகருக்குப் பெட்டி பெட்டியாகக் காகிதங்கள் திரும்பி வந்தன. குவோமிந்தாங் கட்சியின் தலைவராகவும் சீனக் குடியரசின் அதிபராகவும் இருந்த சியாங் கை ஷேக் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுதிவந்த நாட்குறிப்புகள் அவற்றில் இருந்தன. அவர் மகன் சியாங் சிங் குவோவின் நாட்குறிப்புகளும் உடன் வந்தன. அவை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு பத்தாண்டுகள் நடந்தது. குடும்பத்தாருக்கா, அவற்றைப் பாதுகாத்த அமெரிக்க நிறுவனத்துக்கா, தைவான் அரசுக்கா என்பதே வழக்கின் மையம்.

சொத்துரிமை வழக்காகத் தொடங்கிய இந்த விவகாரத்துக்குள் வரலாற்றியல் சார்ந்த வேறொரு கேள்வி இருக்கிறது. சியாங் பற்றிய மதிப்பீடு கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதும் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தில் புதிய சான்றுகளின் பங்கு எவ்வளவு? எந்தச் சான்று முதலில் திறக்கப்பட்டது, எது பிந்தியது, எது எரிக்கப்பட்டது என்பதன் பங்கு எவ்வளவு? இக்கட்டுரை இதைத்தான் ஆராய்கிறது.

முந்தைய சித்திரங்கள்

சியாங் 1887இல் செஜியாங் மாகாணத்தின் சிகோ என்ற சிற்றூரில் பிறந்தார். 1926இல் வடக்குப் படையெடுப்பைத் தொடங்கினார். 1927 ஏப்ரலில் ஷாங்காயில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடினார். எட்டாண்டுகள் ஜப்பானை எதிர்த்து நின்று, பின்னர் உள்நாட்டுப் போரில் தோற்று, 1949இல் தைவானுக்குப் பெயர்ந்தார். 1975 ஏப்ரல் 5 அன்று தைபேயில் இறந்தார். இந்த வரிசையில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வேறுபாடு முழுவதும் மனிதரைப் பற்றியது.

சீனப் பெருநிலத்தில் நெடுங்காலம் நிலைத்திருந்த சித்திரம் சென் போதா 1940களில் எழுதிய நூலின் தலைப்பிலேயே இருக்கிறது: ‘மக்கள் விரோதி சியாங் கை ஷேக்’. தைவானில் இதற்கு நேர் எதிரான சித்திரம் பாடநூல்களிலும் பள்ளி முற்றத்துச் சிலைகளிலும் நின்றது. மூன்றாவது சித்திரம் அமெரிக்காவில் உருவானது. போர்க்காலத்தில் சியாங்கின் தலைமைப் படையதிகாரியாக அனுப்பப்பட்ட ஜெனரல் ஜோசப் ஸ்டில்வெல் தம் குறிப்புகளில் அவரை ‘வேர்க்கடலை’ என்றே குறிப்பிட்டார். 1944 அக்டோபரில் சியாங்கின் வற்புறுத்தலால் திரும்ப அழைக்கப்பட்டார். அவருடைய குறிப்புகள் 1948இல் நூலாகின. அவற்றை அடிப்படையாகக் கொண்டு பார்பரா டக்மன் 1971இல் எழுதிய நூல் புலிட்சர் பரிசு பெற்றது. ஆங்கிலம் வாசிக்கும் உலகம் முழுவதும், ஊழலும் திறமையின்மையும் நிறைந்த ஆட்சியாளராக சியாங் அறியப்பட்டதில் இந்தக் காகிதங்களுக்குப் பெரும் பங்குண்டு.

அந்தச் சித்திரம் ஏன் அவ்வளவு வலுவாக நின்றது என்பதற்கு எளிய விடை உண்டு. ஸ்டில்வெல்லின் காகிதங்கள் திறந்திருந்தன. சியாங்கின் காகிதங்கள் பூட்டியிருந்தன. இருவர் மோதிய ஒரு நிகழ்வில் ஒருவரின் வாக்குமூலம் மட்டுமே கால் நூற்றாண்டுக்கு மேலாக வாசிக்கப்பட்டது. பின்னாளில் சியாங்கின் நாட்குறிப்புகள் வந்துசேர்ந்த இடம், ஸ்டில்வெல்லின் காகிதங்கள் இருந்த அதே ஹூவர் நிறுவனம்தான். ஒரே வாசிப்பறையில் அமர்ந்து இருவரையும் நாள்வாரியாக ஒப்பிடும் வாய்ப்பு அப்போதுதான் கிடைத்தது.

மூன்று வழியாகச் சிதறிய காகிதங்கள்

சியாங்கின் ஆவணங்கள் ஒரே இடத்தில் இருந்ததில்லை. முதல் பகுதி நான்ஜிங்கிலேயே தங்கிவிட்டது. தோற்ற அரசு விட்டுச்சென்ற அலுவலகக் கோப்புகளைத் திரட்டிப் புதிய அரசு 1951இல் ஒரு காப்பகம் அமைத்தது. 1964 முதல் அதன் பெயர் சீன இரண்டாம் வரலாற்று ஆவணக் காப்பகம். சியாங்கின் இளமைக்கால ஆசிரியரும் பின்னாளில் அவருடைய உதவியாளருமான மாவ் சிசெங், தொடக்ககால நாட்குறிப்புகளிலிருந்து பொருள்வாரியாகப் பிரித்தெழுதிய நகல்கள் இங்கேதான் உள்ளன. மூல நாட்குறிப்பு திறக்கப்படும் முன்பே யாங் தியான்ஷி போன்ற பெருநில வரலாற்றாய்வாளர்கள் இவற்றைக் கொண்டு எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

இரண்டாவது பகுதி, சியாங்கின் அலுவலகம் மிகுந்த கவனத்தோடு தைவானுக்குக் கொண்டுசென்றது. தந்தி வரைவுகள், இராணுவ அறிக்கைகள், உளவுத்துறைச் செய்திகள் அடங்கிய இத்தொகுதி, தாவ்யுவான் அருகே தாசி என்ற ஊரில் வைக்கப்பட்டதால் ‘தாசி ஆவணங்கள்’ எனப் பெயர் பெற்றது. பல ஆண்டுகள் அதிபர் மாளிகையின் அனுமதி பெற்ற ஒரு சிலர் மட்டுமே இவற்றைக் கண்டார்கள். 1995இல் இவை குவோஷிகுவான் என்ற தேசிய வரலாற்றுக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டன. 1997இல் வாசகர்களுக்குத் திறக்கப்பட்டன. இன்று இவற்றின் பெரும்பகுதியை இணையத்திலேயே வாசிக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் சர்வாதிகாரத் தலைவர்களில் இவ்வளவு விரிவாகத் திறந்து வைக்கப்பட்ட ஆவணத் தொகுதி உடையவர்கள் மிகச் சிலரே.

மூன்றாவது பகுதி நாட்குறிப்புகள். இவை குடும்பத்தின் கையில் இருந்தன. சியாங்குக்குப் பின் சிங் குவோ, 1988இல் அவர் இறந்தபின் அவருடைய மகன் சியாங் சியாவ்யுங் எனக் கைமாறி, குடும்பம் வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது நாட்குறிப்புகளும் கடல் கடந்தன. சியாவ்யுங் 1996இல் இறந்தார். அவருடைய மனைவி 2004இல் ஐம்பதாண்டு ஒப்பந்தத்தில் இவற்றை ஹூவர் நிறுவனத்திடம் ஒப்படைத்தார். 2006 மார்ச் முதல் 2009 வரை நான்கு தவணைகளில் வாசகர்களுக்குத் திறக்கப்பட்டன. குடும்பத்தின் அந்தரங்கம் சார்ந்த சில பகுதிகள் மறைக்கப்பட்டன. நகலெடுக்கவோ படம் எடுக்கவோ அனுமதி இருக்கவில்லை. தாளில் கையால் எழுதிக்கொள்ள மட்டுமே முடிந்தது.

இந்தக் கடைசி விதி சிறிய நிர்வாக ஏற்பாடாகத் தோன்றலாம். ஆய்வின் போக்கையே அது தீர்மானித்தது என்பது என் எண்ணம். பசிபிக் கடந்து பயணம் செய்து, வாரக்கணக்கில் தங்கிக் கையால் எழுதியெடுக்க வசதி உள்ளவர்களின் ஆய்வே அச்சேறியது. அவர்கள் எழுதியெடுத்த பத்திகளே திரும்பத் திரும்ப மேற்கோளாயின. ஒருவர் நகலில் பிழை நேர்ந்தால் மற்றொருவர் சரிபார்ப்பது எளிதாக இருக்கவில்லை. மிக முக்கியமாக, இவ்வளவு சிரமப்பட்டுப் பெற்ற சான்றுக்கு அதன் தகுதிக்கு மீறிய எடை வந்து சேர்ந்தது.

நாட்குறிப்பின் இயல்பு

இந்த நாட்குறிப்பு எத்தகைய சான்று? சியாங் கன்பூசிய மரபில் வந்த சுய ஒழுங்குப் பயிற்சியாகவே இதை எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அரசியலாளர் செங் குவோபான் அவருக்கு முன்மாதிரி. இளமையின் சிற்றின்ப நாட்டங்களையும் முன்கோபத்தையும் குறித்துவைத்துத் தம்மைத் தாமே கடிந்துகொண்டார். 1928 மே மாதம் ஜினானில் ஜப்பானியப் படையிடம் நேர்ந்த அவமானத்துக்குப் பிறகு, அதைத் துடைத்தெறியும் சூளுரையை ஒவ்வொரு நாளின் தொடக்கத்திலும் எழுதினார். வார முடிவிலும் மாத முடிவிலும் ஆண்டு முடிவிலும் தனியே தன்னாய்வுக் குறிப்புகள் உண்டு.

இத்தகைய எழுத்து வாசகரை எளிதில் தன்பக்கம் இழுக்கும். ஒருவர் தம் குற்றங்களைத் தாமே ஒப்புக்கொள்ளும்போது, அவர் சொல்லும் மற்றவற்றையும் நம்பிவிடும் மனநிலை உருவாகிறது. 2006க்குப் பின் வெளிவந்த வாழ்க்கை வரலாறுகளில், ஜே டெய்லர் 2009இல் எழுதிய பெருநூல் உட்பட, உள்மனப் போராட்டம் மிக்க, நாட்டுப்பற்றுள்ள, குறைகளை உணர்ந்த ஒரு சியாங் எழுந்துவந்ததற்கு இது முக்கியக் காரணம். ஸ்டில்வெல் வழிவந்த கேலிச்சித்திரத்தை அந்நூல்கள் திருத்தின. அது தேவையான திருத்தம்தான். ஆனால் ஓர் ஆட்சியாளர் தம் கோபத்துக்காக வருந்தினார் என்பதற்கும் அவர் ஆணையால் என்ன நடந்தது என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை நாட்குறிப்பால் அளக்க முடியாது.

சியாங்கின் பெயரில் வந்த எழுத்துகள் எல்லாம் அவருடைய கையெழுத்தும் அல்ல. 1936 டிசம்பர் 12 அன்று சியானில் சாங் சுயேலியாங்கின் படையினர் அவரைச் சிறைபிடித்து இரு வாரம் வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு ‘சியானில் அரை மாதம்’ என்ற தலைப்பில் அவருடைய நாட்குறிப்பு போலவே ஒரு நூல் வந்தது. அதை ஆக்கியவர் செயலாளர் சென் புலெய் என்பது இன்று நன்கு நிறுவப்பட்டிருக்கிறது. அதேபோல, குவோஷிகுவான் 82 தொகுதிகளாக வெளியிட்ட ‘ஷிலுவே காவ்பென்’ என்ற நாள்வாரி வரலாறு, செயலாளர்கள் நாட்குறிப்பையும் தந்திகளையும் கலந்து, செம்மையான செவ்வியல் நடையில் திருத்தி அமைத்தது. மூல நாட்குறிப்போடு ஒப்பிடும்போது கடுஞ்சொற்கள் மென்மையாவதும் சில செய்திகள் விடுபடுவதும் தெரியும். செயலாளர்கள் எதை நீக்கத் தகுந்தது என்று கருதினார்கள் என்பதும் வரலாற்றாய்வாளருக்கு ஒரு தடயமே.

நாட்குறிப்பைத் தனித்து நிறுத்தாமல் வேறு காப்பகங்களோடு வைத்து வாசித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 1942 பிப்ரவரி இந்தியப் பயணம் நல்ல எடுத்துக்காட்டு. சியாங் டெல்லி வந்தார், சாந்திநிகேதன் சென்றார், பிப்ரவரி 18 அன்று கல்கத்தாவில் காந்தியைச் சந்தித்தார். விடைபெறும்போது, இந்தியருக்கு உண்மையான அரசியல் அதிகாரத்தை பிரிட்டன் விரைவில் தர வேண்டும் என்று வெளிப்படையாக வேண்டினார். சர்ச்சிலுக்கு அது எரிச்சலூட்டியதை பிரிட்டிஷ் ஆவணங்கள் காட்டுகின்றன. ரூஸ்வெல்ட்டிடம் இந்தியாவுக்காக சியாங் பேசியதை அமெரிக்க வெளியுறவு ஆவணங்கள் காட்டுகின்றன. ஜூன் 14 அன்று காந்தி அவருக்கு எழுதிய நீண்ட கடிதம் காந்தியின் தொகுப்பில் இருக்கிறது. காந்தியிடம் தாம் அடைந்த ஏமாற்றத்தை சியாங் தம் நாட்குறிப்பில்தான் எழுதினார். நான்கையும் சேர்த்து வாசிக்கும்போது, நேசநாடுகளின் போர்த் தேவையும் ஆசிய விடுதலை உணர்வும் ஒரே மனிதரிடம் இழுபறியாக இருந்தது புலப்படுகிறது. இந்த நிகழ்வில் ஒவ்வொருவருக்கும் ஒரு காப்பகம் இருந்தது. ஆளப்பட்டவர்கள் விஷயத்தில் அப்படி இல்லை.

1947: ஒரே தொகுதி, இரண்டு வாசிப்பு

1947 பிப்ரவரி 28 அன்று தைபேயில் தொடங்கிய மக்கள் எழுச்சியை ஆளுநர் சென் யி ஒடுக்கினார். அவர் கேட்டதன்பேரில் சியாங் பெருநிலத்திலிருந்து படை அனுப்பினார். மார்ச் இரண்டாம் வாரத்தில் அது கீலுங் துறைமுகத்தில் இறங்கிய பின் படுகொலை தீவிரமாயிற்று. தைவான் அரசு 1992இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, இறந்தோர் எண்ணிக்கையை 18,000 முதல் 28,000 வரை என மதிப்பிட்டது.

சியாங்கின் பொறுப்பு என்ன என்ற விவாதத்தில் இரு தரப்பும் தாசி ஆவணங்களைத்தான் காட்டுகின்றன. பழிவாங்கலில் ஈடுபடக் கூடாது, மீறினால் ஆணையை மீறிய குற்றமாகும் என்று மார்ச் 13 அன்று சியாங் சென் யிக்கு அனுப்பிய தந்தியை ஒரு தரப்பு முன்வைக்கிறது. அத்தந்தி உண்மையானது. ஆனால் அது வந்த நேரத்தில் படை இறங்கிச் சில நாட்கள் ஆகியிருந்தன. மறுதரப்பு, தந்திக்குப் பின் என்ன நடந்தது என்று கேட்கிறது. அதை மீறியதற்காக எந்த மூத்த அதிகாரியும் தண்டிக்கப்படவில்லை. சென் யி 1948இல் செஜியாங் மாகாண ஆளுநரானார். 1950 ஜூன் 18 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டது, கம்யூனிஸ்டுகள் பக்கம் சாயுமாறு ஒரு தளபதியைத் தூண்டிய குற்றத்துக்காக. தைவானில் செய்ததற்காக அல்ல.

தந்தியை மட்டும் வாசித்தால் தடுக்க முயன்ற தலைவர் தெரிகிறார். தந்திக்குப் பிந்தைய பணி நியமன ஆவணத்தையும் சேர்த்து வாசித்தால் பொறுப்பை ஏற்காத தலைவர் தெரிகிறார். இரண்டாவது வாசிப்பே வலுவானது என்று நான் கருதுகிறேன். ஓர் ஆணையின் பொருள் அதன் வாசகத்தோடு முடிவதில்லை. மீறியவருக்கு என்ன நேர்ந்தது என்பதும் அதன் பகுதி. பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி நிகழ்வுக்கான நினைவு அறக்கட்டளை 2006இல் வெளியிட்ட பொறுப்பாய்வு அறிக்கையும் முதன்மைப் பொறுப்பு சியாங்குடையது என்றே முடிவு செய்தது.

எரிந்த காகிதங்கள்

லெய் சென் குவோமிந்தாங்கின் மூத்த உறுப்பினர். 1949இல் சியாங்கின் ஆதரவோடுதான் ‘சுதந்திரச் சீனா’ என்ற இதழ் தொடங்கப்பட்டது. அறிஞர் ஹூ ஷி அதன் பதிப்பாளர், லெய் சென் அதை நடத்தியவர். பத்தாண்டுகளில் அவ்விதழ் சியாங்கின் ஆட்சியைக் கடுமையாக விமர்சிக்கும் இடத்துக்கு வந்தது. அரசியல் சட்டத்தை மீறி சியாங் மூன்றாம் முறை அதிபரானதை எதிர்த்தது. எதிர்க்கட்சி ஒன்றை உருவாக்கும் முயற்சிக்குத் துணை நின்றது. 1960 செப்டம்பர் 4 அன்று லெய் சென் கைது செய்யப்பட்டார். அக்டோபர் 8 அன்று இராணுவ நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டு சிறை விதித்தது.

அன்று காலையே அதிபர் மாளிகையில் சியாங் தலைமையில் ஒரு கூட்டம் நடந்தது. சிறைத்தண்டனை பத்தாண்டுக்குக் குறையக் கூடாது, மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறக் கூடாது என்று அவர் அறிவுறுத்தியதை அக்கூட்டத்தின் பதிவு காட்டுகிறது. குவோஷிகுவான் 2002இல் வெளியிட்ட வழக்கு ஆவணத் தொகுதியில் இது வந்தது. நாட்குறிப்பு திறக்கப்படுவதற்கு நான்காண்டு முன்பே அச்சான சான்று இது. பின்னர் வந்த மறுமதிப்பீடுகளில் இதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

லெய் சென் சிறையில் எழுதிய நினைவுக்குறிப்புகளைச் சிறை நிர்வாகம் பறித்துவைத்தது. அவர் 1970இல் விடுதலையாகி 1979இல் இறந்தார். 1987இல் இராணுவச் சட்டம் விலக்கப்பட்டபின் அவர் குடும்பத்தார் அவற்றைத் திருப்பிக் கேட்டார்கள். 1988இல் இராணுவச் சிறை அவற்றை எரித்துவிட்டது.

சியாங்கின் நாட்குறிப்பைப் பேசும் ஒவ்வொரு ஆய்விலும் இந்தத் தகவல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சிறைப்படுத்தியவரின் அகவாழ்வு நாள்தவறாமல் பதிவாகி, காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. சிறைப்பட்டவர் எழுதியது சாம்பலாயிற்று. இரண்டுக்கும் நடுவில் நின்று ‘சான்றுகள் சியாங்குக்குச் சாதகமாக மாறியிருக்கின்றன’ என்று சொல்வது சான்றுகளின் வரலாற்றையே மறந்துபோவது.

எரியாமல் தப்பியவையும் உண்டு. இராணுவச் சட்டக் காலத்தில் மரண தண்டனை பெற்ற பலர், கடைசி இரவில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் கடிதம் எழுதினார்கள். அவை அனுப்பப்படாமல் வழக்குக் கோப்புகளிலேயே தைக்கப்பட்டன. ஐம்பது அறுபது ஆண்டுகள் கழித்து, கோப்புகளைப் பார்க்க விண்ணப்பித்த வாரிசுகள் அவற்றைக் கண்டெடுத்தார்கள். 2011 முதல் அக்கடிதங்கள் குடும்பங்களுக்குத் திருப்பித் தரப்பட்டன. பெற வேண்டியவர்களில் பலர் அதற்குள் இறந்திருந்தார்கள். அதிபரின் பதவிக்கால ஆவணங்கள் குடும்பச் சொத்தாகக் கடல் கடந்த அதே காலத்தில், குடிமக்களின் குடும்பக் கடிதங்கள் அரசு ஆவணமாகப் பூட்டப்பட்டிருந்தன.

சட்டமும் மண்டபமும்

2017 டிசம்பரில் நிறைவேறிய இடைக்கால நீதிச் சட்டமும் அதன்கீழ் 2018 முதல் 2022 வரை இயங்கிய ஆணையமும் இந்தச் சமனின்மையைத் தொட்டன. 2019இல் வந்த அரசியல் ஆவணச் சட்டம், அரசு அலுவலகங்களிலும் கட்சியிடமும் இருந்த கோப்புகளைத் தேசிய ஆவண நிர்வாகத்துக்கு மாற்றச் செய்தது. இராணுவ நீதிமன்றத் தீர்ப்புகளின் தரவுத்தளம் பொதுமக்களுக்குத் திறந்தது. தீர்ப்பு அறிக்கைகள் மேலே சென்று, தண்டனையைக் கூட்டும் குறிப்போடு சியாங்கின் மேசையிலிருந்து திரும்பிய வழக்குகள் அதில் உள்ளன.

பொதுவெளியில் இந்த விவாதம் பெரும்பாலும் கல்லையும் வெண்கலத்தையும் சுற்றியே நடக்கிறது. 1980 ஏப்ரல் 5 அன்று திறக்கப்பட்ட தைபேய் நினைவு மண்டபம், சீன மரபுக் கணக்கில் அவர் வயதைக் குறிக்கும் 89 படிகள், 2006இல் பெயர் மாறிய விமான நிலையம், சிஹு பூங்காவில் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட இருநூறுக்கும் மேற்பட்ட சிலைகள் எல்லாம் நாளிதழ்களில் நிறைய எழுதப்பட்டவை. மண்டபத்தின் பெயர் 2007இல் மாற்றப்பட்டு, ஆட்சி மாறியதும் பழைய பெயருக்குத் திரும்பியது. சிலைக்கு முன் நின்ற மரியாதைக் காவலர்கள் 2024 ஜூலையில் வெளிமுற்றத்துக்கு மாற்றப்பட்டார்கள். இவற்றைச் சிறியவை என்று சொல்லமாட்டேன். கொல்லப்பட்டவரின் பிள்ளைகளுக்கு அந்தச் சிலை அன்றாட அவமதிப்பு. ஆயினும் சிலையை ஓர் அரசாணையால் அகற்றிவிடலாம். கோப்புகள் உருவாக்கிய புரிதலைக் கோப்புகளால்தான் திருத்த முடியும்.

அதற்கான வாய்ப்பு இப்போது கூடியிருக்கிறது. குவோஷிகுவான், 2023 அக்டோபர் 31 அன்று, சியாங்கின் முதல் அதிபர் பதவிக்காலமான 1948 முதல் 1954 வரையிலான நாட்குறிப்புகளை அச்சில் வெளியிட்டது. கையால் எழுதியெடுக்கும் கட்டுப்பாடு அந்த ஆண்டுகளுக்கு முடிந்தது. தைவானில் அரசியல் கைதுகளும் மரண தண்டனைகளும் உச்சத்தில் இருந்த ஆண்டுகளும் ஏறக்குறைய அவையே. அந்த வழக்குகளின் கோப்புகளும் இன்று திறந்திருக்கின்றன. தீர்ப்பறிக்கையில் குறிப்பெழுதிய நாளில் சியாங் தம் நாட்குறிப்பில் என்ன எழுதினார், எழுதாமல் விட்டார் என்பதை வழக்கு வழக்காக, தேதி தேதியாக ஒப்பிடும் வேலையை இனி எந்த மாணவரும் தைபேயில் உட்கார்ந்தே தொடங்கலாம். அடுத்த வாழ்க்கை வரலாறு அந்த ஒப்பீட்டிலிருந்து எழுதப்பட வேண்டும்.